எலும்பு ஸ்கானில் கறுத்துத் தெரிந்தால் புற்றுநோய்தானா?

கேள்வி: எனக்கு 66 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர்ச் சிகிச்சை எடுத்தேன். மூன்று மாதமாகப் பிட்டத்துக்குச் சற்று மேலே ஒரே நோ. கதிரையை விட்டு எழும்ப ஏலாது. வைத்தியர் எலும்பு ஸ்கான் எழுதித் தந்திருக்கிறார். நோய் திரும்பிவிட்டதா? இரவிலிருந்தே பட்டினி கிடக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மடியை விட்டு இறங்காத பேரன் ஒருவனும் வீட்டில் இருக்கிறான்.
- ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டே போங்கள். அக்கா சொல்வது பெட் ஸ்கான் (PET) என்ற வேறொரு பரிசோதனைக்கு. அதற்குச் சீனி போன்ற மருந்து ஏற்றுவதால் 6 மணித்தியாலம் அளவில் வெறும் வயிறு வேண்டும். எலும்பு ஸ்கானுக்கு ஏற்றுவது டெக்னீசியம் என்ற கதிர் வீசும் பொருள் கலந்த வேறு மருந்து. எலும்பு எங்கே தன்னைத் திருத்திக் கட்டுகிறதோ அங்கே அது கூடுதலாக ஒட்டும். ஒட்டுவதற்கு 3 மணித்தியாலம் அளவில் விட்டுத்தான் படம் எடுப்பார்கள். அதுவரை நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்.

ஒட்டாத மிச்சம் சலத்தோடு போய்விடும். சலப்பை நிறைந்திருந்தால் அது படத்தில் கறுத்த பந்தாக நின்று பின்னாலுள்ள எலும்பை மறைக்கும். உங்களுக்கு நோகிற இடமே அதுதான். ஆகவே கமராவில் படுக்கும் முன் வெட்கப்படாமல் ஒருதரம் போய்விட்டு வாருங்கள்.

26 வருடம் இந்தக் கமராவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். ஒருநாள் ஒரு அம்மாவின் தொடை எலும்பின் மேல் சின்னக் கறுப்புப் புள்ளி. எனக்கே நெஞ்சு பதைத்தது. எதற்கும் உள்பாவாடையை மாற்றச் சொல்லித் திரும்ப எடுத்தோம். புள்ளி இல்லை! துணியில் பட்ட ஒரு துளி சலம், அவ்வளவுதான்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். எலும்பு திருத்தப்படுகிற எந்த இடமும் கறுக்கும்: புற்று, மூட்டுவாதம், முறிவு எல்லாமே. கதிர் பட்ட இடுப்பெலும்பு வலுக் குறைந்துபோகும். வயதும் சேர்ந்தால், விழாமலே முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவெலும்பில் நுண்ணிய முறிவு வரலாம். அது ஸ்கானில் பல சமயம் ஆங்கில ‘எச்’ எழுத்துப் போலத் தெரியும். ஹொண்டா காரின் மூக்கில் இருக்கிறதே, அதைப் பார்த்து ‘ஹொண்டா அடையாளம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்து உறுதி செய்வார்கள். கதிர்ச் சிகிச்சைக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். அந்த விவரம் தெரியாமல் படம் பார்ப்பவர் தடுமாறக்கூடும்.

பேரன் விஷயம்: ஏற்றிய மருந்தின் கதிர் கொஞ்ச நேரம் உங்கள் உடலிலிருந்து வெளியே வரும். ஆனால் டெக்னீசியத்தின் கதிர் வீரியம் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், சலத்தில் போவது வேறு. அன்று மட்டும் அவனை அம்மாவோடு படுக்க விடுங்கள்.

கேள்வி: வயது 29. மாதவிடாய் நேரத்தில் தாங்க முடியாத வலி. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஆக இருக்கலாம் என்கிறார்கள். நேரே பெட் ஸ்கான் எடுத்தால் தெரிந்துவிடாதா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி, காசு வீண். மாதவிடாய் நாட்களில் கருப்பையின் உட்படலமும், முட்டை வெளிவரும் நாட்களில் சூலகமும் பெட் படத்தில் தாமாகவே ஒளிரும். இல்லாத நோய்க்குப் பயப்படுவீர்கள். முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, சிலருக்கு லப்பரஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் உள்ளே பார்ப்பது). பெண்நோயியல் கிளினிக்குக்குப் போகும்போது கடந்த மூன்று மாத வலி நாட்களைக் கலண்டரில் குறித்துக் கொண்டுபோங்கள்.