திருகோணமலையின் வைக்கோலை நம்பி உயிரிப் பொருளாதாரத்துக்கு மாற முடியுமா?

கந்தளாய், மூதூர் வயல்களில் மிஞ்சும் வைக்கோலிலிருந்து எரிபொருளும் பிளாஸ்டிக்கும் செய்யலாமா, அதாவது பெட்ரோலியத்துக்குப் பதில் பயிர்ப்பொருள்களை மூலப்பொருளாகக் கொள்ளும் உயிரிப் பொருளாதாரத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் வைக்கோல் கழிவு என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி நெல்மணியில் அன்றி வைக்கோலிலேயே தங்குவதால், அதைப் போகந்தோறும் ஆலைக்கு அனுப்பினால் மண்வளம் குன்றும், ஈடுசெய்யும் உரச்செலவு கமக்காரரின் தலையில் விழும், மாடு வளர்ப்போர் தீவனத்தையும் இழப்பர்.

அறிவியல் தடையும் சிறியதன்று. எரிபொருள் செய்ய, வைக்கோலின் நார்ப்பொருளான செல்லுலோசைச் சர்க்கரையாக மாற்ற வேண்டும்; அதைச் செய்யும் நொதிகளை, தண்டுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மறிக்கிறது. லிக்னினைத் தளர்த்த வெப்பமோ அமிலமோ காரமோ தேவை. எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்றால், அதே பொட்டாசியம் சாம்பலின் உருகுநிலையைக் குறைத்துக் கொதிகலன் குழாய்களில் கட்டியாகப் படியச் செய்கிறது. சேகரிப்பதும் எளிதன்று: உமி அரிசி ஆலையிலேயே குவிகிறது. வைக்கோலோ வயலெங்கும் சிதறிக் கிடந்து மழையில் அழுகுகிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, சில மாதங்களிலேயே இலங்கை அரசு அந்தத் தடையைக் கைவிட்டது. அதனால் நேர்ந்த விளைச்சல் இழப்பைச் சுமந்த கமக்காரர்கள் இத்தகைய திட்டங்களை ஐயத்தோடு நோக்குவது நியாயமே. எவ்வளவு வைக்கோல் வயலிலேயே விடப்படும், சாம்பல் எவர் செலவில் வயலுக்குத் திரும்பும், விலையை எவர் தீர்மானிப்பர் என்பவற்றைக் கமக்காரர் அமைப்புகளுடன் எழுத்தில் உடன்பட்ட பின்னரே ஆலைக்கு இடம் பார்க்க வேண்டும்.