வாசலில் உட்கார்ந்திருந்த மகள்

கேள்வி: என் மகளுக்கு வயது 33. தஞ்சாவூரில் வேலை பார்க்கும் அவள், ஏழு ஆண்டுகளாக ஒரு தோழியுடன் ஒரே வீட்டில் வாழ்கிறாள். அது வெறும் நட்பன்று என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. சென்ற ஐப்பசியில் அந்தப் பெண்ணுக்கு அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோது, தனியார் மருத்துவமனை ஒன்றில் “நீங்கள் என்ன உறவு?” என்று கேட்டு, என் மகளின் கையெழுத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து சேரும்வரை இவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். இவர்களுக்குத் திருமண உரிமை கேட்பது பண்பாட்டுக்கு விரோதம் என்கிறார் என் மைத்துனர். இது பண்பாட்டுப் பிரச்சினையா, உரிமைப் பிரச்சினையா?
– ஒரு தாய், மன்னார்குடி வட்டம்

பதில்: உரிமைப் பிரச்சினை என்பதே என் உறுதியான கருத்து, அம்மா. பந்தலும் விருந்தும் ஊராரின் வாழ்த்தும் திருமணத்தின் ஒரு பாதிதான். மறுபாதி அரசின் பதிவேட்டில் இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், உயில் இல்லாதபோது சொத்து யாருக்கு என்னும் முடிவு ஆகிய யாவும் கணவன், மனைவி என்னும் சட்டப்பூர்வமான உறவைத் தேடியே செல்கின்றன. ஏழு ஆண்டுகள் சேர்ந்து உலை வைத்தவருக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் உங்கள் மகளுக்கு நேர்ந்த அநீதி.

உங்கள் மைத்துனருக்கு நம் டெல்டாவின் பழைய நினைவு ஒன்றைச் சொல்லுங்கள். 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் நம் ஊர்களில் வேரூன்றிய காலத்தில், புரோகிதரும் ஓமமும் இல்லாமல், மாலை மாற்றி, உறுதிமொழி கூறித் திருமணம் செய்துகொண்டவர்கள் இங்கே ஏராளம். அத்தகைய ஒரு திருமணம் சாஸ்திரப்படியும் நடக்கவில்லை, நிலைபெற்ற வழக்கத்தின்படியும் நடக்கவில்லை என்பதால் சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரறிய வாழ்ந்த பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர், அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குரியது என்னும் நிலை உருவாயிற்று. அண்ணா முதலமைச்சரான பின்னர், 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. அந்தச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்குமானது என்று உங்கள் மைத்துனர் மறுக்கக்கூடும், அது உண்மைதான். ஆயினும், பண்பாடு என்று நாம் அழைப்பது சட்டத்தின் கையால் ஏற்கெனவே திருத்தப்பட்ட ஒன்று என்பதற்கு நம் தாத்தா பாட்டிகளின் திருமணங்களே சாட்சி. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணை மணந்த திருநங்கையின் வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது.

இன்றைய நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018-இல் தன்பாலின உறவு குற்றமன்று என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையன்று, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்று கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது; பெரும்பான்மையினரின் விருப்பத்தால் அமையும் மன்றத்திடம் போய்ச் சிறுபான்மையினர் தங்கள் உரிமையைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால், 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் தடுத்து வைத்திருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறி, அவரைத் தன் விருப்பப்படி செல்ல அனுமதித்தது.

திருமண உரிமைக்கான சட்டம் வரும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. இருவரும் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கும், ஒருவரையொருவர் நாமினியாகக் குறிப்பிடுவதற்கும் தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர் என்பதால், இருவரும் உயில் எழுதுவது இன்றியமையாதது. அதற்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்துப் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பதிவு செய்துவிடுவது நல்லது.

அந்தச் சாட்சிகளுள் ஒருவராக நீங்களே கையெழுத்திடுங்கள், அம்மா. மணமாகாத உங்கள் மகள் உயில் எழுதாமல் விட்டால், அவர் சம்பாதித்த சொத்து சட்டப்படி பெற்றோருக்கே வந்து சேரும். அந்த வாரிசான நீங்களே மனமுவந்து சாட்சியிட்டிருக்கும்போது, உங்கள் மைத்துனரோ வேறு உறவினரோ நாளை அந்த உயிலை எதிர்த்து நிற்பது எளிதாக இராது.