பனிக்கு அடியில் பிரகாசமான கோடு: ஏரி என்று எழுதலாமா?

கேள்வி: நான் புவி இயற்பியல் முதுகலை மாணவன். அண்டார்க்டிகாவின் மேல் விமானம் பறந்து எடுத்த ரேடார் தரவை இணையத்திலிருந்து பதிவிறக்கி ஆய்வேட்டுக்குப் பயன்படுத்துகிறேன். ஓரிடத்தில் பனியின் அடித்தளம் சுற்றுப்புறத்தைவிட மிகப் பிரகாசமாகவும் தட்டையாகவும் தெரிகிறது. அதை ஏரி என்று எழுதிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிரகாசமும் (அதாவது எதிரொலியின் வலிமையும்) தட்டையான தோற்றமும் நல்ல அறிகுறிகள்தான். ஆனால் இரண்டையுமே கணக்கிட்டுச் சரிபார்த்த பிறகுதான் நம்பலாம்.

ரேடார் அலை பனிக்கட்டிக்குள் ஒரு மைக்ரோநொடியில் சுமார் 168 மீட்டர் செல்லும். மேற்பரப்பு எதிரொலிக்கும் அடித்தள எதிரொலிக்கும் இடையே 20 மைக்ரோநொடி இருந்தால், அலை போய்த் திரும்புவதால் அதில் பாதியைக் கொண்டு, பனியின் தடிமன் 1,680 மீட்டர் என்று கொள்ளலாம். இப்படிக் கிடைக்கும் தடிமனை மேற்பரப்பின் உயரத்திலிருந்து கழித்து அடித்தளத்தின் உயரத்தை வரைந்து பாருங்கள். உண்மையான ஏரியின் மேல்விளிம்பு அந்த வரைபடத்தில் கிடைமட்டமாக இருக்க வேண்டியதில்லை. பனியின் எடை நீரை அழுத்துவதால், மேற்பரப்பு ஒரு கிலோமீட்டரில் 1 மீட்டர் தாழ்ந்தால், ஏரியின் மேல்விளிம்பு அதே திசையில் ஏறக்குறைய 11 மீட்டர் உயரும். பனிக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டிலிருந்து இந்த விகிதம் வருகிறது. மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் சோதனை இதுதான். கோடு மிக நேராகக் கிடைமட்டமாக இருக்கிறதே என்று மகிழ்வதைவிட, எதிர்ச்சரிவு இருக்கிறதா என்று தேடுவது நல்லது.

பிரகாசத்தில்தான் ஆபத்து அதிகம். பனிக்கட்டி அலையின் வலிமையில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுவதால், அந்த இழப்பை மதிப்பிட்டுத் திரும்பக் கூட்டுகிறோம். மதிப்பீடு மிகையானால், உலர்ந்த பாறையும் நீரைப்போல் ஒளிரும். கனடாவின் டெவன் பனிக்கவிகையில் நடந்தது இதுவே. அங்கு மிகை உப்புநீர் ஏரிகள் இருப்பதாக விமான ரேடார் தரவைக் கொண்டு 2018இல் அறிவித்தார்கள். அடித்தள வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே என்று கணிக்கப்பட்டிருந்ததால், உப்பு இல்லாமல் அங்கு நீர் இருக்க வழியில்லை. 2022இல் ஒரு குழு பனியின் மேலேயே நின்று 9 கிலோமீட்டர் நீளத்துக்கு நில அதிர்வு அளவீடுகளையும், கூடவே மின்காந்த அளவீடுகளையும் எடுத்தது. நீருக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. உறைந்த அல்லது இறுகிய படிவுகளும், மின்சாரத்தை எளிதில் கடத்தாத பாறையுமே தெரிந்தன. அலை இழப்பை முதலில் மிகையாக மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பது 2024இல் வெளியான அவர்களின் முடிவு.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: மேற்பரப்பு ஏறி இறங்குவதைச் செயற்கைக்கோள் வழியே கண்டு ஏரி எனக் குறித்த சில இடங்களில், ரேடாரில் பிரகாசமே தெரிவதில்லை. அண்டார்க்டிகாவில் பனிக்கு அடியில் உள்ள வஸ்தோக் ஏரியின் பரப்பு 1996இல் தெளிவானதும் விமான ரேடார், நில அதிர்வு, செயற்கைக்கோள் உயர அளவீடு மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான்.

நீங்கள் களத்துக்குப் போக வேண்டியதில்லை. அதே இடத்தைக் குறுக்காகக் கடக்கும் வேறு பறப்புத் தடங்களில் பிரகாசம் நீடிக்கிறதா என்று பாருங்கள். அலை இழப்புக்குக் குறைந்த, நடுத்தர, உயர்ந்த என மூன்று மதிப்புகளை வைத்துக் கணக்கிடுங்கள். மூன்றிலும் சுற்றுப்புறத்தைவிட 10 டெசிபெல் அளவுக்கு வேறுபாடு நின்றால், ஆய்வேட்டில் ‘ஏரியாக இருக்கக்கூடிய இடம்’ என்று எழுதலாம். நீரின் ஆழத்தைப் பற்றி மட்டும் எதுவும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல இந்தத் தரவு பொதுவாகப் போதாது.