நாமக்கோழியா, தாழைக்கோழியா?

கேள்வி: எங்கள் ஏரியில் கறுப்பாக மிதக்கிறதெல்லாம் ஒரே பறவைதானா?

ஒரே குடும்பம், ஆனால் இரண்டு இனம். முதலில் நெற்றியைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று நாமம் போட்ட மாதிரி இருந்து, அலகும் வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. நெற்றியும் அலகும் சிவந்து, அலகின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி.

கேள்வி: எதிர்வெயிலில் நிறமே தெரியவில்லை. அப்போது என்ன செய்வது?

நடத்தையைப் பாருங்கள், எனக்கு நிறத்தைவிட அதில்தான் நம்பிக்கை அதிகம். தாழைக்கோழி கோரைப்புல் ஓரத்தை விட்டு அதிகம் வராது, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும், அப்படி ஆட்டும்போது வாலடியில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். நாமக்கோழி நடுத்தண்ணீரில் கூட்டமாக நிற்கும். சின்னதாக ஒரு குதி குதித்து அப்படியே தலைகீழாக மூழ்கி, கொஞ்ச நேரத்தில் வாயில் பாசியோடு தக்கை மாதிரி மேலே வரும். பறக்க வேண்டுமென்றால் தண்ணீர்மேல் சளசளவென்று வெகுதூரம் ஓடித்தான் எழும்பும், அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் மறக்காது.

கேள்வி: வாத்து மாதிரி நீந்துகின்றனவே, காலில் சவ்வு உண்டா?

இரண்டுக்குமே கிடையாது. சிங்காநல்லூர் குளக்கரையில் ஒரு காலை நாமக்கோழி ஒன்று கரையேறி நின்றபோது பக்கத்திலிருந்து பார்த்தேன், ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் இலை இலையாகச் சதை மடல்கள். காலைப் பின்னால் தள்ளும்போது மடல் விரிந்து துடுப்பாகிவிடும், முன்னால் இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும். தாழைக்கோழிக்கு மடல் இல்லை, பச்சை கலந்த மஞ்சள் காலும் நீள நீளமான விரலும்தான். அதனால்தான் ஆகாயத்தாமரை மேலும் சேற்றிலும் புதையாமல் நடக்கிறது.

கேள்வி: நெற்றியில் வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை, உடம்பு பழுப்பு. இது மூன்றாவது இனமா?

இல்லை, வளரும் குஞ்சு. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். விலாவில் வெள்ளைக்கோடு ஓடினால் தாழைக்கோழிக் குஞ்சு. கோடு இல்லாமல் முகமும் தொண்டையும் நெஞ்சும் வெளுத்திருந்தால் நாமக்கோழியுடையது.

கேள்வி: பள்ளிக்கரணையில் நீலமாக, பெரிதாக ஒன்று?

நீலத்தாழைக்கோழி. கோரைத்தண்டைக் காலால் பிடித்துத் தூக்கிக் கடித்துத் தின்னும், பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் நாமக்கோழியைக் கறிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். விற்கிற இடத்தை வனத்துறைக்குச் சொல்லுங்கள்.