பதில்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் விஸ்ட்மன்ஸ் வுட் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் அம்மாவை அந்த ஓக் மரக் காட்டுக்குள் நிற்கவைத்துப் படம் எடுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், டூ பிரிட்ஜஸ் என்ற இடத்தின் பக்கம் காரை நிறுத்தினால், ஒரு வழிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் நடை. முதலில் கொஞ்ச தூரம் அகலமான பாதை, சிரமமில்லை. அப்புறம் கல்லும் சேறும்தான். முழங்கால் முரண்டு பிடித்தால் அங்கேயே திரும்பிவிடலாம், மேற்கு டார்ட் ஆற்றின் பள்ளத்தாக்கையாவது பார்த்த மாதிரி இருக்கும்.

காடு சின்னதுதான். கருங்கல் பாறைகளின் இடுக்கில் முளைத்த, முறுக்கிப் பிழிந்தாற்போன்ற குட்டை ஓக் மரங்கள். ஆடுமாடுகளின் வாய்க்கு எட்டாத இடுக்கு என்பதால்தான் மரக்கன்றுகள் பிழைத்தன என்கிறார்கள். பாறை, கிளை எங்கும் பாசி. ஒரு செருப்புத் தேய்ப்பிலேயே பாசி உரிந்துவிடும். அதனால்தான் உள்ளே நுழையாமல் ஓரமாக நின்று பார்க்கச் சொல்கிறார்கள். அது அம்மாவுக்கும் நல்லதுதான்: பாசிக்கு அடியில் பள்ளம் இருந்தால் கண்ணுக்கே தெரியாது, கால் மாட்டிக்கொள்ளும்.

ஊன்றுகோலும் மழைக்கோட்டும் அவசியம். குடை வேண்டாம், அங்கே அடிக்கும் காற்றுக்குத் தாங்காது. மூடுபனி இறங்கினால் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள்.