அரியலூரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: நல்ல தேசியத் தலைவருக்கு இருக்க வேண்டிய குணங்கள் எவை? பேச்சாற்றல், துணிச்சல், எளிமை, கை சுத்தம் என்று நான் வரிசைப்படுத்துகிறேன். உங்கள் வரிசை?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: அரியலூர்க்காரராக இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! 1956 நவம்பர் 23, விடியற்காலை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் பாலத்தைப் பதம் பார்க்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் ரயில் விபத்தின்போதும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்தான். அப்போது நேரு ஏற்கவில்லை. இந்த முறை, சாஸ்திரி மேல் குற்றமில்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டே ஏற்றுக்கொண்டார்.

மழைக்கு அமைச்சர் என்ன செய்வார்? விசாரணைக்கு உத்தரவிட்டு, கீழே இருக்கும் நாலு பேரை சஸ்பெண்ட் செய்துவிட்டு அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என் வரிசையில் முதலில் வருவது அதுதான். உங்கள் வரிசையில் அது எங்கேயுமே இல்லை.

எளிமை நல்லதுதான். பிரதமரான பிறகு, உணவுத் தட்டுப்பாட்டில் வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார் சாஸ்திரி; ஊரே கேட்டது. ஆனால் எளிமை போட்டோவுக்கு நன்றாக வரும் சரக்கு, அதனால் போலியும் அதில்தான் அதிகம். பேச்சாற்றலா? அந்தச் சின்ன உருவத்துக்கும் மெல்லிய குரலுக்கும் மேடை அதிர்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

சரி, அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதே சாஸ்திரி 1965-ல் தடுமாறினார். ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்று ஆனபோது தமிழ்நாடு பற்றி எரிந்தது. பையன்கள் தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலமும் நீடிக்கும் என்று நேரு கொடுத்த வாக்குறுதி அப்படியே இருக்கிறது என்று உடனே, அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியவர், இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தடித்தார். கடைசியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். (இந்த அழகேசன்தான் அரியலூர் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சர். அப்போது சாஸ்திரி விலகினார், இவர் பதவியில் தொடர்ந்தார். அதற்காகத் தேர்தல் மேடைகளில் வாங்கிக் கட்டிக்கொண்டார்!) ராஜினாமாக்களை ஏற்கலாம் என்று சாஸ்திரி பரிந்துரைத்தார், குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முடியாது என்றார். அதற்குப் பிறகுதான், பிப்ரவரி 11 அன்று, சாஸ்திரி வானொலியில் பேசி வாக்குறுதியை உறுதிப்படுத்தினார். அது சட்டமாக 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அப்போது அவர் இல்லை.

ஆக, என் வரிசையில் இரண்டாவது, முகத்துக்கு நேரே 'தப்பு' என்று சொல்கிறவர்களைப் பக்கத்தில் வைத்திருப்பது. சொன்ன பிறகும் வைத்திருப்பது. ராஜினாமா கொடுத்த சுப்பிரமணியத்தை சாஸ்திரி ஓரங்கட்டவில்லை, உணவுத் துறையிலேயே வைத்துக்கொண்டார். பசுமைப் புரட்சிக்கு வழிவிட்ட மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமை விதை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது அந்த சுப்பிரமணியத்தின் காலத்தில்தான்.