சூடு பண்ணினால் சரியாகிவிடுமா?

உணவில் கலக்கும் கிருமிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றில் நுண்ணுயிரியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் பதில் சொல்கிறார்.

கேள்வி: மதியம் வடித்த சோறு மிஞ்சினால் ராத்திரி முட்டை போட்டுக் கிளறிக் கொடுத்துவிடுவேன். நன்றாகச் சூடு பண்ணித்தான் தருகிறேன். போன வாரம் அப்படிச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் வாந்தி. சோற்றில் ஊசிப்போன வாடையே இல்லை. பிறகு எப்படி?
- இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று நம்புகிறேன் அம்மா. பொதுவாக, கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி நோயாக மாற அதிக நேரம் எடுக்கும். இரண்டே மணி நேரத்தில் வாந்தி என்றால், சாப்பாட்டிலேயே நச்சு முன்கூட்டித் தயாராகி இருந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். சோறு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பேசில்லஸ் சீரியஸ்.

இது மண்ணில் வாழும் பாக்டீரியா. வயலிலிருந்து நெல்லோடு வந்து அரிசியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். உலையில் கொதிக்கும்போது உயிரோடிருக்கும் செல்கள் செத்துவிடும். ஆனால் அதன் வித்துகள் சாகாது. விதை மழைக்குக் காத்திருப்பது மாதிரி அவை சூடு இறங்கக் காத்திருக்கும். வடித்த சோறு பானைக்குள் வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் இருக்கிறதே, அதுதான் அவற்றுக்கு வேண்டியது. முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நச்சை உண்டாக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் இந்த நச்சு அழிவதில்லை. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் கரைசல்களையும் பாத்திரங்களையும் கிருமி நீக்குவதே அந்தச் சூட்டில்தான். உங்கள் வாணலி என்ன செய்யும்? கிளறும்போது பாக்டீரியா செத்திருக்கும், நச்சு அப்படியே தட்டுக்கு வந்திருக்கும். வாடையோ நிறமோ மாறியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு இப்படித்தான் ஆனது. மொத்தமாக வடித்த சோற்றைக் குளிரில் வைத்தால் கட்டிபிடிக்கும் என்று இரவு முழுக்க வெளியிலேயே விட்டு, மறுநாள் பொரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்று நம் ஊர் சாலையோர ஃப்ரைடு ரைஸ் கடைகளில் மூடாமல் ஆறிக்கிடக்கும் சோற்றுக் குண்டானைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும்.

ஆகவே, மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட்டு முடித்த கையோடு அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பானையோடு வைக்காதீர்கள்; நடுவில் உள்ள சோறு ஆற ரொம்ப நேரமாகும். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். மறுநாளுக்குள் ஒரே ஒரு தடவை ஆவி பறக்கச் சூடு பண்ணித் தீர்த்துவிடுங்கள். மதியத்திலிருந்து ராத்திரி வரை வெளியில் இருந்த சோற்றைக் கொட்டிவிடத்தான் வேண்டும். சோற்றைக் கொட்டுவது பாவம் என்றுதான் என்னையும் வளர்த்தார்கள். அரை ஆழாக்கு அரிசி குறைத்துப் போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் பழைய சோறு? தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோமே!
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள் ஐயா, முறையாகச் செய்ததாக இருந்தால். சோறு முழுகத் தண்ணீர் ஊற்றும்போது இரண்டு காரியம் நடக்கிறது. சூடு சட்டென்று இறங்குகிறது. அப்புறம், லாக்டிக் அமிலம் சுரக்கும் நல்ல பாக்டீரியாக்கள் வேலையை ஆரம்பித்து நீராகாரத்தைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏற, மேலே சொன்ன பேசில்லஸ் சீரியஸ் பெருகத் திணறும். இட்லி மாவைக் காப்பாற்றுவதும் இதே புளிப்புதான்.

ஆனால் மதியச் சோற்றை ராத்திரி பத்து மணி வரை சும்மா வைத்திருந்து, படுக்கப்போகும் முன் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நச்சு உண்டாகியிருந்தால் புளிப்பு அதை அழிக்காது. ராத்திரிச் சமையலில் வடித்த சோற்றுக்கு, சாப்பாடு முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி, காலையில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் செய்தது அதைத்தான்.

கேள்வி: ‘மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டது’ என்று செய்தியில் சொல்கிறார்கள். அதற்குள் ஊரே அந்தச் சம்பவத்தை மறந்துவிடுகிறது. முடிவு வர ஏன் இத்தனை நாள்?
- கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: எங்கள் மேல் வைக்கப்படும் பழைய புகார் இது. உணவு வழியே நோய் தரும் சால்மொனெல்லா பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். தரநிலைகளில் பெரும்பாலும் ‘25 கிராமில் இருக்கவே கூடாது’ என்று வரும். 25 கிராம் உணவில் அது ஒன்றிரண்டுதான் இருக்கலாம்; அதைச் சுற்றி மற்ற பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில் இருக்கும். போதாததற்கு, சமையல் சூட்டிலும் குளிரிலும் அடிபட்டு அது அரை உயிராய்க் கிடக்கும். அதனால் முதல் நாள் 225 மில்லி சாதுவான ஊட்டக் கரைசலில் போட்டு 37 டிகிரியில் வைத்துத் தேற்றுகிறோம். இரண்டாம் நாள், மற்றவற்றை அடக்கி சால்மொனெல்லாவை மட்டும் வளரவிடும் கரைசலுக்கு மாற்றி 41.5 டிகிரியில் வைக்கிறோம். மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு துளியை எக்ஸ்எல்டி என்ற சிவப்பு அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி) தட்டில் இழுக்கிறோம். மறுநாள் காலை தட்டைத் திறந்தால், நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த திட்டுகள் தெரியும். அதைப் பார்த்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று எழுதிவிட முடியாது. அதே மாதிரி பொட்டு வைக்கும் வேறு பாக்டீரியாக்களும் உண்டு. வேதிச் சோதனை, சீரம் சோதனை எல்லாம் முடிய ஐந்தாறு நாளாகிவிடும். ஒரு கடையின் பிழைப்பும் ஒரு குடும்பத்தின் நியாயமும் அந்தத் தாளில் இருப்பதால் நாங்கள் அவசரப்படுவதில்லை.

கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை வந்த பிறகு நாள்கள் குறைந்திருக்கின்றன. ஆனால் அதற்கும் முதல் நாள் வளர்ப்பு தேவை. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் பிசிஆர் காட்டிவிடும் என்பதால், உயிருள்ளது பெருகிய பிறகு பார்ப்பதே சரி.

அந்த அகார் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஜெர்மானிய நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் ஜெலட்டினில் கிருமி வளர்த்துக்கொண்டிருந்தார். வெப்பத்தில் அது உருகிக் கெட்டது. 1881-ல் அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தான் வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகாரைப் போட்டுப் பாருங்கள் என்றார். உலகம் முழுக்க இன்றும் அதுதான் பயன்படுகிறது. காக் தன் கட்டுரையில் ஃபானியின் பெயரைச் சொல்லவில்லை. நம் ராமநாதபுரம் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் மூழ்கிப் பறிக்கும் பெண்களின் உழைப்பிலிருந்து வருவதும் அகார்தான். நோன்புக் காலத்தில் பலர் வீட்டில் செய்யும் கடல்பாசியும் அதே பொருள். ஆய்வகத்தில் தட்டு ஊற்றும்போதெல்லாம் இந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. 25 கிராமில் இல்லை என்றால் அண்டா முழுக்க இல்லை என்று அர்த்தமாகாது. 1960களில் நாசாவின் விண்வெளி வீரர்களுக்குச் சாப்பாடு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனம் இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சோதித்தால், செய்த உணவில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். அதனால் முடிந்த பண்டத்தைச் சோதிப்பதை மட்டும் நம்பாமல், எந்தப் படியில் ஆபத்து நுழையும் என்று கணித்து, அந்தப் படியில் சூட்டையும் நேரத்தையும் அளந்து கட்டுப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஹேசாப் என்று இன்று உணவுத் தொழிற்சாலைகள் பின்பற்றுவது அதைத்தான். கல்யாண மண்டபச் சமையலறைக்கும் ஒரு வெப்பமானியும் ஒரு கடிகாரமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சமைத்தது 60 டிகிரிக்கு மேலே, இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே. நடுவில் கிடக்கும் நேரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: 2023-ல் எங்கள் ஊரில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் வாங்கித் தருவதில்லை. மகன் மயோனைஸ் மட்டுமாவது கேட்கிறான்.
- ஒரு தாய், நாமக்கல்

பதில்: அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கும் தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் காசர்கோடு அருகே செருவத்தூரில் ஒரு மாணவி இறந்திருந்தார். அதிலும் ஷவர்மாதான்.

ஷவர்மாவில் கறி நின்று சுழலும். வெளிப்பக்கம் வேகும், உள்பக்கம் பச்சையாக இருக்கும். கூட்டம் அதிகமானால் வேகாத அடுக்குவரை கத்தி போய்விடும். சீவிய துண்டுகளைத் தோசைக்கல்லில் மறுபடி வேகவிடும் கடையில் மட்டும் வாங்குங்கள். மின்சாரம் போன நேரத்திலும், கடை மூடும் நேரத்து மிச்சத்திலும் கை வைக்க வேண்டாம்.

மயோனைஸில் பச்சை முட்டை சேர்ப்பதுதான் சிக்கல். சால்மொனெல்லா ஓட்டின் மேலே எச்சத்திலிருந்தும் வரும். நோயுள்ள கோழியாக இருந்தால் முட்டை உருவாகும்போதே உள்ளேயும் வந்துவிடும். அதைக் கழுவி எடுக்க முடியாது. கேரளம் 2023-லும், தெலங்கானா 2024-லும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டன. மூன்றும் சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. பார்சலில் தயாரித்த நேரத்தை எழுத வேண்டும் என்று கேரளம் சொன்னது அதைவிட நல்ல முடிவு. மகனுக்கு முட்டையில்லாத மயோனைஸ் வாங்கிக் கொடுங்கள். திறந்த பிறகு அதுவும் ஃப்ரிட்ஜில்தான்.

கேள்வி: எடை குறைய, முளைகட்டிய பயறும் வெந்தயமும் தினமும் பச்சையாகச் சாப்பிடுகிறேன். நல்லதுதானே?
- ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: சத்து இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஈரமும் வெதுவெதுப்புமாக இரண்டு நாள் மூட்டை கட்டி வைப்பது, பயறை முளைக்க வைப்பதுபோலவே பாக்டீரியாவையும் வளர்க்கும். நீங்கள் வெந்தயம் என்றதால் 2011-ல் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த மே மாதம் வட ஜெர்மனியில் மருத்துவமனைகள் நிரம்பின. ரத்தப் பேதி, பிறகு சிறுநீரகச் செயலிழப்பு. காரணம், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஓ104 என்ற வகை. ஏறக்குறைய 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். அது தவறான முடிவு. ஆனால் அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் காய்களைக் கொட்ட வேண்டியதாயிற்று.

உண்மை வந்தது சமையலறை வழியாக. ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களைப் பிடித்து, யார் என்ன உணவு கேட்டார்கள் என்று ரசீதையும், சாப்பாட்டு மேசையில் எடுத்த படங்களையும் வைத்துப் பார்த்தார்கள். பிறகு சமையல்காரரிடம் ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன வைத்தீர்கள் என்று கேட்டார்கள். அலங்காரத்துக்கு வைத்த முளைகள் அப்போதுதான் வெளிப்பட்டன. சாப்பிட்டவர்களில் பலருக்கு அதைச் சாப்பிட்ட நினைவே இல்லை! தேடிப்போனால், லோயர் சாக்சனியில் ஒரு பண்ணை. அது முளைக்க வைத்தது எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தயம் என்று தடம் போய் நின்றது. எந்தக் கருவியும் தராத விடையைப் பொறுமையாகக் கேட்ட கேள்விகள் தந்தன. என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் துப்பறிதல் இது.

நீங்கள் முளைகட்டியதை ஆவியில் வேகவைத்துச் சுண்டலாகத் தாளித்துச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம்.

கேள்வி: கோழிக்கறியைக் கழுவக் கூடாது என்கிறார்களே?
- வாசகி, ஈரோடு

பதில்: குழாயடியில் கழுவினால் தண்ணீரோடு கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவும் சால்மொனெல்லாவும் மேடையெங்கும் தெறிக்கும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். நம் கடைக் கறி ரத்தமும் இறகுத் துணுக்குமாக வருகிறது. கழுவாமல் போட யாருக்கும் மனம் வராது. பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசுங்கள். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். சாலட் காயை நறுக்க வேறு பலகை. மஞ்சள் தடவினால் கிருமி போய்விடும் என்று நம்ப வேண்டாம், நன்றாக வேகவிடுங்கள்.

கேள்வி: ஹோட்டல் சாப்பாட்டால் உடம்புக்கு வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் உடம்பைப் பாருங்கள்: உப்புச் சர்க்கரைக் கரைசல், மருத்துவர். ரத்தப் பேதி, கடும் காய்ச்சல், கண் மங்கல் இருந்தால் காத்திருக்காதீர்கள். முடிந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மலப் பரிசோதனைக்குக் கேளுங்கள். மிச்ச உணவை வந்த பொட்டலத்தோடு இறுக மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைக்க வேண்டாம். பில், சாப்பிட்ட நேரம், வாந்தி தொடங்கிய நேரம், கூடச் சாப்பிட்டவர்கள், யார் எதைச் சாப்பிடவில்லை என்பது வரை எழுதி வையுங்கள். பிறகு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வு செய்துகொள்ள இடம் தருகிறது. அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. உணவு தரத்தில் தவறியது என்று முடிவு வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.